ஆர்எக்ஸ் எஞ்சின் போட்ட ஏடிவிக்கு கார்ப் ட்யூனிங்: பிபி மிஷினோட வந்த ஒரு மெக்கானிக்குக்கு என் ரிவ்யூ

மொதல்லயே சொல்லிடறனுங்க, பட்டறை பேரு நம்பர் எதுவும் இதுல போட மாட்டேன். போர்டு வெச்சாத்தான பேரு இருக்கும், அவரு போர்டே வெக்கல. "எழுதறதுன்னா எழுதிக்கங் தம்பி, அட்ரஸ மட்டும் போட்டறாதீங், இப்ப நிக்கற வண்டிகளுக்கே பதில் சொல்ல முடியல"ன்னு அவரே சொல்லிட்டாரு. கோயமுத்தூர்ல லேத்து பட்டறைகளுக்கு நடுவுல ஒரு சந்து, டூ-ஸ்ட்ரோக் மட்டுந்தான் தொடுவாரு, அவ்ளோ போதும். மார்க்கு கேட்டா 5க்கு 4. அந்த ஒரு மார்க்க ஏன் கொறச்சேன்ங்கறத பின்னாடி சொல்றேன்.

வண்டி என்னன்னு தெரிஞ்சாத்தான் கதை புரியும். எங்க தோப்பு ஆனைமலை பக்கம், தென்னை, ஊடால கொஞ்சம் ஜாதிக்கா. மாமன் பையன் ஒருத்தன் பொள்ளாச்சில வெல்டிங் வேல பாக்கறான், அவனுக்கு யூட்யூப்ல வெளிநாட்டுக்காரன் மணல்ல ஏடிவி, அதான் நாலு சக்கர பைக்கு, ஓட்டறத பாத்துட்டு நம்மளும் ஒண்ணு செஞ்சா என்னனு கிறுக்கு புடிச்சிருச்சு. பைப்ப வளைச்சு சேஸி அடிச்சான், பின்னால ஒரே ஆக்சில், டிஃபரன்ஷியல் கெடையாது, ரிவர்ஸ் கியர் கெடையாது, பின்னாடி போவோணும்னா எறங்கி தள்ளோணும். எஞ்சின் பழைய யமஹா ஆர்எக்ஸ் 135, நாலு கியர் மாடல். சிலிண்டர் அகலம் 58, பிஸ்டன் ஓட்டம் 50 எம்எம், 132 சிசி. ரோட்டுல ஏத்தக்கூடாத வண்டி, நம்பரும் கெடையாது ஒண்ணும் கெடையாது, தோப்புக்குள்ள மட்டுந்தான் ஓட்டறோம், அத மொதல்லயே தெளிவா சொல்லிக்கறேன், அப்பறம் கமெண்ட்ல ஆர்டிஓ சட்டம் சொல்லிக் குடுக்க வராதீங்க. பறிச்ச தேங்காய அள்ளிட்டு வர, மட்டை இழுக்க, மருந்து ட்ரம்ம கொண்டு போவ, இதுக்குத்தான்.

அத அப்படியே ஸ்டாக்கா விட்டிருந்தா இந்த ரிவ்யூவே வந்திருக்காது. மச்சான் சும்மா இருப்பானா. எக்ஸாஸ்ட் போர்ட்ட ஒசத்தி ராவினான், சேம்பர் சைலென்சர் அடிச்சான், ஏர் ஃபில்டர் டப்பாவ கழட்டி வீசிட்டு கூம்பு மாதிரி இருக்கற பாட் ஃபில்டர் போட்டான், காத்தயும் பெட்ரோலயும் கலந்து குடுக்கற கார்ப்புரேட்டர், அதான் கார்ப், ஒரிஜினலா இருந்த மிக்குனிய தூக்கிட்டு கெய்ஹின் பிடபிள்யூகே டைப்புல வர்ற 28 எம்எம் கார்ப் ஒண்ண ஆன்லைன்ல வாங்கி மாட்டுனான். ஆயில தானா சேத்து விடற ஆட்டோலூப் பம்ப்பயும் எடுத்துட்டான், இப்ப ஆயில பெட்ரோல்லயே கலந்து ஊத்தறதுதான். காத்து போற வழிய இத்தன எடத்துல மாத்துனா பெட்ரோல் போற வழியயும் மாத்தோணுமில்ல? அங்கதான் வந்துச்சு வெனை.

ஜெட்டிங்க, அதாவது கார்ப்ல பெட்ரோல அளந்து விடற சின்ன ஓட்டை திருகான ஜெட்டோட சைஸ, பாக்கறதுக்கு மொதல்ல ஒரு மெக்கானிக் கிட்ட போனோம், எந்த ஊருங்கறது வேண்டாம். அவரு கார்ப்ப பாத்தாரு, 110 மெயின் ஜெட்டு போட்டாரு, "இது போதும், மைலேஜு வரும்"னாரு. தோப்புல ஓடற வண்டிக்கு மைலேஜ யாரு கேட்டாங்க. ஆனா வண்டி சும்மா சொல்லக்கூடாது, நல்லா சுள்ளுனு ஓடுச்சு, சவுண்டு கூட மணி மாதிரி கிணீர்னு இருந்துச்சு. ஆக்சிலேட்டர விட்டா மட்டும் ஆர்பிஎம் உடனே எறங்காது, ங்ஙேஏஏன்னு கொஞ்ச நேரம் அப்படியே நின்னுட்டு அப்பறம் மெதுவா எறங்கும். அதயும் பவருன்னுதான் நெனச்சோம். பதினெட்டாவது நாளு, சித்திரை வெயிலு, 200 காய் ட்ரெய்லர்ல ஏத்திட்டு மேட்டுல ஃபுல் த்ராட்டில்ல வர்றேன், மோட்டார் ரூம்புக்கு பக்கத்துல க்ரீச்னு ஒரு சத்தம், பின் சக்கரம் ரெண்டும் லாக்காகி அப்படியே ஒரு முழம் மண்ண உழுதுட்டு நின்னுச்சு. அப்பாரு கயித்துக் கட்டில்ல இருந்து எந்திரிச்சு வந்து பாத்துட்டு, "ஏனப்பா, ஏரு பூட்டி உழுதியா"ன்னாரு.

பிஸ்டன் சீஸு, அதான் ஜாமு. எக்ஸாஸ்ட் பக்கம் மேல இருந்து கீழ வரைக்கும் தேஞ்சு அலுமினியம் சிலிண்டர்ல ஒட்டியிருந்துச்சு. ப்ளக்க எடுத்தா எலும்பு மாதிரி வெள்ளை. ரீபோர் பண்ணி 0.50 ஓவர்சைஸ் பிஸ்டன், ரிங்கு, பின், பேரிங்னு எல்லாஞ் சேத்து 4,800 ரூவா. மச்சான் அதுக்கப்பறமும் அடங்கல, லிட்டருக்கு 40 மில்லி கலந்துட்டு இருந்த ஆயில 60 ஆக்கிட்டான், "எச்சா ஆயில் இருந்தா ஜாம் ஆகாது மச்சான்"னான். அதோட ஒரு ஜெட் கிட்டும் ஆன்லைன்ல வாங்குனான், பத்து ஜெட்டு ஒரு டப்பால. வெளிநாட்டுக்காரன் யமஹா பான்ஷீக்கு 200க்கு மேல ஜெட்டு போடறான், நம்மளும் பெருசா போடலாம்னு வேற. அந்த பான்ஷீ 347 சிசி, ரெண்டு சிலிண்டர், தண்ணி கூலிங், ரெண்டு மிக்குனி கார்ப். மிக்குனி நம்பரும் கெய்ஹின் நம்பரும் ஒண்ணே கெடையாது. அவன் வூட்டு செருப்பு சைஸ கேட்டு நம்ம காலுக்கு வாங்கற கதைதான்.

இந்த நெலமைலதான் செட்டிபாளையத்துல கரி ஸ்பீட்வேல பைக் ஓட்டற ஒரு கூட்டாளி இந்த அண்ணன பத்தி சொன்னான்.

போன் பண்ணேன், எடுக்கல. மறுக்கா பண்ணேன், எடுக்கல. மூணாவது நாளு பொழுதோட அவரே கூப்புட்டாரு. நான் எடுத்த ஒடனே "ணா, 28 எம்எம் கார்ப்புக்கு என்ன ஜெட்டு ணா போடோணும்"னேன். எதிர்ல கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்பறம், "வண்டி என்ன வேல செய்யுதுங் தம்பி?"ன்னாரு. காய் இழுக்குதுன்னேன். எவ்ளோ லோடு, எவ்ளோ ஸ்பீடு, பெட்ரோல் எங்க போடறீங்க, ஆயில் என்ன அளவு, ஃபில்டர கடைசியா என்னிக்கு கழுவுனீங்க, ஆக்சிலேட்டர விட்டா ஆர்பிஎம் எறங்குதா நிக்குதான்னு ஒண்ணொண்ணா கேட்டாரு. நிக்குதுன்னு சொன்னதும் "ஜெட்டு அப்பறம் பாத்துக்கலாம், மொதல்ல எஞ்சின கழட்டிட்டு வாங்க"ன்னு சொல்லி வெச்சுட்டாரு. ஜெட்டு மாத்தறதுக்கு எஞ்சின எதுக்குங்க கழட்டறதுன்னு எனக்கு உள்ளுக்குள்ள வெசனம். இருந்தாலும் ஆம்னில போட்டு கொண்டு போனோம்.

பட்டறை ஒண்ணும் பெருசா இல்லீங்க, பத்துக்கு பதினஞ்சு இருக்கும். ஒரு பக்கம் ஆர்எக்ஸ் 100 மூணு, ஒரு ஷோகன், அந்தப் பக்கம் சாக்குப்பைய போத்தி வெச்ச ஒரு யெஸ்டி. செவுத்துல காலண்டர், ஒரு பழைய நோட்டு ஆணில தொங்குது. நான் என்னமோ கம்ப்யூட்டர் மிஷின் எல்லாம் வெச்சிருப்பாருன்னு நெனச்சேன். அவரு ட்ராயர தொறந்து எடுத்தது டாக்டர் கைல கட்டி அமுக்குவாங்களே, அந்த பிபி மிஷின். கைல சுத்தற துணி இல்ல, ரப்பர் பல்பும் வட்ட மீட்டரும் ட்யூபும் மட்டும்.

இந்த எடத்துலதான் நான் அசந்து போனேன், அதனால கொஞ்சம் வெலாவாரியாவே சொல்றேன். எக்ஸாஸ்ட் ஓட்டைய ஒரு ரப்பர் கட்டைய வெச்சு நட்டு போட்டு அடைச்சாரு. கார்ப் மாட்டற எடத்துல, அதாவது இன்டேக் பக்கத்துல, இன்னொரு கட்டை, அதுல ஒரு நிப்பிள், அதுல பிபி ட்யூப மாட்டி பல்ப அமுக்குனாரு. முள்ளு 300 வரைக்கும் ஏறுச்சு. 300ன்னா கிட்டத்தட்ட 6 பிஎஸ்ஐங்க. "இதுக்கு மேல அமுக்குனா சீல் பிச்சுக்கும், இவ்ளோ போதும். நல்ல எஞ்சின்னா ஒரு நிமிஷத்துல 50க்கு மேல எறங்கக் கூடாது"ன்னு சொல்லிட்டு செல்லுல டைமர போட்டாரு. எங்க எஞ்சின் அர நிமிஷத்துல 120க்கு வந்துருச்சு. முள்ளு எறங்கறத கண்ணால பாக்கலாம், கெணத்துல வாளி எறங்கற மாதிரி எறங்குது.

அப்பறம் பாத்தரம் கழுவற சோப்பு தண்ணிய ப்ரஷ்ல தொட்டு தடவுனாரு. இன்டேக் ரப்பர் மேனிஃபோல்டுக்கு அடில பொடிப்பொடியா நொரை வந்துச்சு, வெடிப்பு கண்ணுக்கே தெரியல, வெரல்ல மடக்குனாத்தான் தெரியுது. கரண்டு குடுக்கற சக்கரமான மேக்னட்ட கழட்டி உள்ள தடவுனா க்ராங்க் சீல்ல, அதாவது க்ராங்க் தண்டு வெளிய வர்ற எடத்து ரப்பர் வளையத்துல, ஒரு பெரிய குமிழி, பபுள்கம் ஊதற மாதிரி வந்து பட்டுனு ஒடஞ்சுது. "இந்த வழில காத்து உள்ள போவுது தம்பி, இது கார்ப்புக்கு தெரியாது. கார்ப் அதுபாட்டுக்கு அளந்து குடுக்குது, இது திருட்டுத்தனமா காத்த சேத்துது. நீங்க 110 இல்ல 150 போட்டாலும் இது இருக்கற வரைக்கும் ஐட்லிங் நிக்காது"ன்னாரு. ஆக்சிலேட்டர விட்டா ஆர்பிஎம் எறங்காம நின்னது இதுக்குத்தான், லீன் ஆன, அதாவது காத்து எச்சாயி பெட்ரோல் கொறஞ்ச எஞ்சின் அப்படித்தான் தொங்குமாம். நாங்க அத பவருன்னு ரசிச்சுட்டு இருந்திருக்கோம். கிளட்ச் பக்கத்து சீல் போனா வேற மாதிரி, கியர் ஆயில உறிஞ்சி வெள்ளப் பொகை வரும், ஆயில் கொறஞ்சுட்டே போவும், அது கண்ணுக்கு தெரியற நோய். மேக்னட் பக்கம் போனது தெரியாமயே கொல்ற நோய்.

ரெண்டு பக்க சீலும் மேனிஃபோல்டும் புதுசு போட்டு மறுக்கா 300 ஏத்துனாரு. டீ குடிச்சுட்டு வந்து பாக்கறோம், முள்ளு 290ல நிக்குது. மொத வேல அத்தோட முடிஞ்சுது, அன்னிக்கு ஒரு ஜெட்டு கூட மாத்தல.

மச்சான் அந்த ஆன்லைன் ஜெட் டப்பாவ எடுத்துக் காட்டுனான். அண்ணன் ஒண்ணுஞ் சொல்லாம பக்கத்து லேத்துல இருந்து ஓட்டைய அளக்கற பின் கேஜ் செட்ட வாங்கிட்டு வந்தாரு. இந்த டைப் ஜெட்டுல 120ன்னா ஓட்டை 1.20 மில்லிமீட்டர் இருக்கோணும். டப்பால இருந்த 120லயும் 125லயும் ஒரே பின்னு தான் போச்சு. 130ன்னு போட்டிருந்தது 128ஐ விட சின்னது. நம்பர் மட்டும் அழகா குத்தியிருக்கான். இத வெச்சு ட்யூன் பண்ணியிருந்தா சாமி சத்தியமா பைத்தியம் புடிச்சிருக்கும், பெருசு போட்டா கொறையுது சின்னது போட்டா ஏறுதுன்னு. விக்கறவன் பேரு வேண்டாம், ஆனா ஜெட்டு வாங்கறவங்க அஞ்சு பத்து எச்சா குடுத்தாலும் கைல பாத்து நல்ல ஜெட்டா வாங்குங்க.

ரெண்டாவது வேல தோப்புல. பட்டறைல நிக்க வெச்சு முறுக்கி ட்யூன் பண்ண மாட்டாராம், வண்டி எங்க ஓடுதோ அங்க, எந்த லோடு இழுக்குதோ அந்த லோடோட பாத்தாத்தான் பண்ணுவாரு. வர்றதுக்கு தனி சார்ஜு. ஞாயித்துக்கெழம காலைல ஏழரைக்கு பஸ்ல வந்து எறங்குனாரு, தோள்ல ஒரு பை, கைல ஒரு டிபன் பாக்ஸ். டிபன் பாக்ஸ தொறந்தா இட்லி இல்லீங்க, அத்தனையும் ஜெட்டு, நம்பர் வாரியா ரப்பர்ல குத்தி வெச்சிருக்காரு.

மொதல்ல ஆக்சிலேட்டர் கைப்பிடில வெள்ள டேப் ஒட்டி ஸ்கெட்ச்ல கோடு போட்டாரு, கால், அரை, முக்கா, ஃபுல்லு. "எந்த எடத்துல மக்கர் பண்ணுதுன்னு நீங்க சொல்லோணும், சும்மா பிக்கப் இல்லன்னு சொன்னா எனக்கு ஒண்ணும் புரியாது." கார்ப்ல ஒவ்வொரு எடத்துக்கும் ஒரு ஆளு வேல செய்யுதுங்க. மூடுனதுல இருந்து அரைக்கால் வரைக்கும் பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும், அதுல இருந்து கால் வரைக்கும் ஆக்சிலேட்டர திருப்புனா மேல ஏறற ஸ்லைடோட அடி வெட்டு, கால்ல இருந்து முக்கா வரைக்கும் அந்த ஸ்லைடுல தொங்கற ஊசி, முக்காலுக்கு மேலதான் மெயின் ஜெட்டு. ஒண்ணுக்கொண்ணு ஓரத்துல கலந்துக்கும், ஆனா கணக்கு இதுதான். நம்மாளுங்க எல்லாரும் எதுக்கெடுத்தாலும் மெயின் ஜெட்டையே மாத்திட்டு இருப்பாங்க, காய் இழுக்கற வண்டி நாள்ல முக்காவாசி நேரம் பாதி த்ராட்டில்ல ஊசி மேலதான் ஓடுது.

எஞ்சின் நல்லா சூடானதுக்கு அப்பறம் ஏர் ஸ்க்ரூவ மெதுவா உள்ள முழுசா மூடி, வெளிய திருப்பிட்டே வந்து ஐட்லிங் எங்க ஒசரமா வருதுன்னு காதுலயே புடிச்சாரு. 42 பைலட்டுல அர சுத்துலயே உச்சிக்கு வந்துருச்சு. ஒரு சுத்துக்கு உள்ளயே வந்துச்சுன்னா பைலட் பத்தலன்னு அர்த்தம், ரெண்டரை மூணு சுத்து வெளிய போனா பைலட் பெருசுன்னு அர்த்தம். 45 போட்டாரு, ஒண்ணர சுத்துல வந்து நின்னுச்சு. இங்க ஒரு விசயம், கார்ப்ல ஃபில்டர் பக்கம் இருக்கறது ஏர் ஸ்க்ரூ, உள்ள திருப்புனா ரிச்சு, அதாவது பெட்ரோல் எச்சா, வெளிய திருப்புனா லீனு. எஞ்சின் பக்கம் ஸ்க்ரூ இருக்கற கார்ப்புன்னா அது பெட்ரோல் ஸ்க்ரூ, அதுக்கு தலைகீழ். இத மாத்தி திருப்பி வண்டிய கெடுத்தவங்க நம்ம ஏரியால எத்தன பேரோ.

மெயினுக்கு மேல இருந்து கீழ வந்தாரு. "லீன்ல இருந்து ஏறுனா ஏறறதுக்குள்ள பிஸ்டன் போயிரும், ரிச்ல இருந்து எறங்குனா ப்ளக்கு மட்டுந்தான் கருக்கும், ப்ளக்கு வெல என்ன பிஸ்டன் வெல என்ன." 140 போட்டு ட்ரெய்லர்ல அதே 200 காய ஏத்தி அதே மேட்டுல ஓட்ட சொன்னாரு. ஃபுல் திருப்புனா பொப்பொப்பொப்புனு ஃபோர்-ஸ்ட்ரோக் மாதிரி முக்குது, ஏறவே மாட்டேங்குது. 135, கொஞ்சம் பரவால்ல, மேல போனா அதே பொப்பொப்பு. 130, சத்தம் தெளிஞ்சுது, கடைசில மட்டும் லேசா ஒரு கரகரப்பு. 128, அடேங்கப்பா, கத்தி மாதிரி போவுது. எனக்கு மச்சானுக்கு ரெண்டு பேருக்கும் 128தான் புடிச்சுது. அவரு புது ப்ளக்கு ஒண்ண, என்ஜிகே பி8ஹெச்எஸ், மாட்டி ஃபுல் த்ராட்டில்ல மேட்டுல ஓட்ட வெச்சு, அவரு கத்துனதும் கிளட்ச்ச புடிச்சு அதே நொடில கில் சுவிட்ச்ச அமுக்கோணும், ஐட்லிங்ல ஓட விட்டா கலர் மாறிரும்னு பத்து தடவ சொன்னாரு. நான் ரெண்டு தடவ சொதப்புனேன், மூணாவது தடவதான் சரியா வந்துச்சு.

ப்ளக்க எடுத்து சும்மா மேலாப்புல பாத்துட்டு நல்லாருக்குன்னு சொல்லுவாருன்னு பாத்தா, ஹேக்சா ப்ளேட எடுத்து மரை இருக்கற எடத்த சுத்தி அறுத்தாரு. நூத்தம்பது ரூவா ப்ளக்கு, அம்மா பாத்திருந்தா அடிச்சிருக்கும். உள்ள வெள்ள பீங்கான் கூம்பு இருக்குமில்ல, அது அடில ஒலோகத்தோட சேர்ற எடத்துலதான் நெஜமான கலர் விழுமாம், இப்ப வர்ற பெட்ரோல்ல மேல விழற கலர நம்ப முடியாதுங்கறாரு. 128ல அந்த எடத்துல நூலு மாதிரி ஒரு பழுப்பு கோடு, அவ்ளோதான். 130க்கு இன்னொரு ப்ளக்கு அறுத்தோம், அதுல கருப்பட்டி காப்பி கலர்ல ஒரு நல்ல வளையம். "வேகமா போற ஜெட்டு 128, உங்களுக்கு நல்ல ஜெட்டு 130"ன்னு சொல்லிட்டு 128ஐ டிபன் பாக்ஸுக்குள்ள போட்டு மூடிட்டாரு. மச்சான் மொகத்த பாக்கோணுமே.

இதுக்கு அவரு சொன்ன காரணம் எனக்கு சரின்னு பட்டுச்சு. ரோட்டுல ஓடற ஆர்எக்ஸ் அறுவதுல போறப்ப சிலிண்டருக்கு காத்து அடிக்குது, ஃபுல் த்ராட்டில் பத்து செகண்டு குடுப்பாங்க, அப்பறம் விட்டுருவாங்க. நம்ம வண்டி பதினஞ்சு கிலோமீட்டர் வேகத்துல கால் டன்னு இழுத்துட்டு மேடு ஏறுது, காத்துல ஆறற எஞ்சினுக்கு காத்தே இல்ல. உள்ள போற எச்சா பெட்ரோல்தான் பாதி கூலிங்கு. ப்ளக்குலயும் 7க்கு பதிலா 8ம் நம்பர் போட்டது இதுக்குத்தான், என்ஜிகேல நம்பர் ஏற ஏற ப்ளக்கு குளுகுளுன்னு இருக்கும். பைக் ரேஸ் பசங்க சொல்ற ஜெட் நம்பர நம்ம தோப்பு வண்டிக்கு போட்டா அவ்ளோதான்.

ஊசில பாதி த்ராட்டில்ல லோடு இழுக்கறப்ப ஒரு தொய்வு இருந்துச்சு, ஊசிய புடிச்சிருக்கற கிளிப்ப ஒரு வெட்டு கீழ எறக்குனாரு, சரியாயிருச்சு. கிளிப்ப எறக்குனா ஊசி மேல ஏறும், ஊசி ஏறுனா பெட்ரோல் எச்சா போவும், இது எனக்கு இன்னும் கொழப்புது, கையால செஞ்சு பாத்தாத்தான் மண்டைல ஏறும்.

மத்தியானம் அம்மா அரிசிம்பருப்பு சாதம் செஞ்சிருந்துச்சு, நெய்ய ஊத்தி சாப்ட்டுட்டே பேசுனதுதான் பட்டறைல கெடைக்காத சமாச்சாரம். மச்சானோட 60 மில்லி ஆயில் கதைய கேட்டுட்டு சிரிச்சாரு. ஆயில எச்சா ஊத்துனா ஒரு லிட்டர்ல பெட்ரோல் கம்மியாவுது, அதே ஓட்டைல கெட்டியா வேற வருது, அப்ப எஞ்சினுக்கு கெடைக்கற பெட்ரோல் கொறஞ்சு இன்னும் லீனா ஆவுது. ஜாம் ஆகக்கூடாதுன்னு ஊத்துனது ஜாம் பண்ற பக்கம் தள்ளியிருக்கு. இப்ப லிட்டருக்கு 40 மில்லி, அதுல கைய வெச்சா ஜெட்டையும் பாக்கோணும்.

அப்பறம் பெட்ரோலு. இப்ப பங்க்குல வர்றது ஈ20, அஞ்சுல ஒரு பங்கு எத்தனால். பெட்ரோல் ஒரு பங்கு எரிய காத்து 14.7 பங்கு வேணும், எத்தனாலுக்கு 9 பங்கு போதும். அதாவது அதே காத்துக்கு எத்தனால் கலந்தது எச்சா ஊத்தோணும். புது வண்டில சென்சார் பாத்துக்கும், நம்ம கார்ப்புக்கு என்ன தெரியும், ஓட்டை எவ்ளோவோ அவ்ளோதான் குடுக்கும், அதனால அஞ்சாறு வருசத்துக்கு முன்னாடி எழுதி வெச்ச ஜெட் நம்பர் எல்லாமே இப்ப கொஞ்சம் லீனு. பழைய கார்ப் ரப்பர் எல்லாம் ஊறிப் போறதும் இதுல ஒரு பாடு, ஒரு மாசம் நிக்கப்போவுதுன்னா கார்ப்போட அடில இருக்கற பௌல் பெட்ரோல வடிச்சு விட்டறோணும், அது காத்துல இருக்கற ஈரத்த வேற இழுக்கும்.

தேங்கா நாரு சமாச்சாரம் நான் எதிர்பாக்கவே இல்ல. எங்க தோப்புக்கு ரெண்டு காடு தள்ளி நாரு மில்லு இருக்குது, பாலக்காட்டு கணவாய் காத்து ஆரம்பிச்சா அந்த தூள் பூராவும் இக்கட்டதான் வரும். பாட் ஃபில்டர்ல அது அப்பிக்கிட்டா காத்து கொறஞ்சு வண்டி ரிச்சாவும், நம்ம ஜெட்டு பெருசுன்னு நெனச்சு கொறைப்போம், கழுவுன அன்னிக்கு லீனாயி பிஸ்டன் போவும். வாரத்துக்கு ஒருக்கா ஃபில்டர கழுவி ஃபில்டர் ஆயில் தடவ சொன்னாரு. அதுக்கு மேல ஒரு பழைய நைலான் சாக்ஸ தெச்சு மாட்டி விட்டிருக்கேன், அது என் ஐடியா, அவரும் ஒத்துக்கிட்டாரு. வண்டி வரப்புல குலுங்கறப்ப கார்ப் வழிஞ்சுட்டே இருந்துச்சு, அதுக்கும் ஃப்ளோட் ஒசரத்த சரி பண்ணி வெண்ட் ட்யூப ரெண்டையும் மேல ஹேண்டில்பார் வரைக்கும் கொண்டு போயி கட்டிட்டாரு.

இப்ப அந்த ஒரு மார்க்கு.

மனுசன் போன எடுக்கவே மாட்டாரு. இன்னிக்கு வர்றேன்னு சொன்னா நாளன்னிக்கு, நாளன்னிக்கு சொன்னா அடுத்த வாரம். எஞ்சின விட்டுட்டு வந்து மூணு வாரம் காத்தோம், அந்த மூணு வாரமும் காய் அள்ளறதுக்கு டெம்போவுக்கு வாடகை குடுத்தோம். பில்லு கெடையாது, எழுதிக் கேட்டா ஒரு சிகரெட் அட்டைக்கு பின்னால கணக்கு போட்டு குடுப்பாரு. சீலு, மேனிஃபோல்டு, லேபரு 2,600, தோப்புக்கு வந்ததுக்கு 2,500, ஜெட்டு ரெண்டுக்கு 300, ப்ளக்கு மூணுக்கும் நம்ம காசுதான். 5,850 வந்துச்சு. சும்மா ஜெட்டு மாத்தறதுக்கு இவ்ளோவான்னு கேக்கறவங்களுக்கு இது செட்டாகாது. மச்சான் கேள்வி கேட்டுட்டே இருந்தா ஒரு எடத்துல "நீங்க ட்யூன் பண்றீங்களா நான் பண்ணட்டுமா"ன்னு சுருக்குனு கேட்டுருவாரு, எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. கத்துக் குடுக்கற ஆளு இல்ல, பக்கத்துல நின்னு பாத்து கத்துக்கலாம், வாய தொறக்கக்கூடாது. செவுத்துல தொங்கற நோட்டுல ஒவ்வொரு வண்டியோட ஜெட்டு, ஊசி, ஸ்க்ரூ சுத்து, அன்னிக்கு வெயிலு எல்லாம் எழுதறாரு, நம்ம பக்கத்த ஒரு போட்டோ எடுத்துக்கறேன்னு கேட்டா அதுக்கும் மொகத்த சுளிச்சுட்டுத்தான் காட்டுனாரு. எடுத்துட்டேன்.

ஓட ஆரம்பிச்சு இப்ப ஏழு மாசம். தூக்கி ஓட்டறதுக்கு பழைய மாதிரி சுள்ளுனு இல்லங்கறது உண்மைதான், ஆனா ஆக்சிலேட்டர விட்டா பட்டுனு எறங்குது, மேட்டுல மூச்சு வாங்கறதில்ல, ஒரே உதைல ஸ்டார்ட்டு. பெட்ரோல் குடிக்குது, அது குடிக்கட்டும். போன மார்கழில காலைல ஆறு மணி பனில எடுத்தப்ப கொஞ்சம் கிணீர்னு பழைய சத்தம் கேட்டுச்சு, வவுத்துல புளிய கரைச்சுது. குளுருன காத்து கெட்டி, அதுல லீனாவும்னு அவரு மொதல்லயே சொல்லி ஒரு 132 ஜெட்ட தீப்பெட்டில போட்டுக் குடுத்திருந்தாரு, அன்னிக்கே மாத்திட்டேன், மாசி வெயிலு வந்ததும் மறுக்கா 130. வால்பாறைல எஸ்டேட்டுல ஆர்எக்ஸ் வெச்சிருக்கற ஒரு சிநேகிதன் இத கேட்டுட்டு அவனும் 130 போடறேன்னான். அங்க 3,500 அடி ஒசரம், காத்து லேசு, கீழ சரியா ஓடற ஜெட்டு மேல போனா ரிச்சா முக்கும், உன் வண்டிய உன் ஊர்லயே வெச்சு பாரு மாப்ளேன்னு சொல்லி வெச்சேன்.

போறதுன்னு முடிவு பண்ணவங்களுக்கு ரெண்டு விசயம். காலைல பத்து மணிக்கு முன்னாடி நேர்ல போங்க, போன நம்பாதீங்க. ஏர் ஃபில்டர கழுவி, பௌல சுத்தம் பண்ணி, ஆயில் எவ்ளோ கலக்கறீங்கன்னு சரியா தெரிஞ்சுட்டு போங்க. நான் நிக்கறப்பவே ஒருத்தரு "ஒரு குத்துமதிப்பா ஊத்துவனுங்ணா"ன்னாரு, வண்டிய ஸ்டாண்டு கூட போட விடல, தாட்டி விட்டுட்டாரு.